நாற்பத்திரண்டாம் குப்பி

ஃபகருன்னிசாவுக்கு ஒன்பது வருஷமாக ஒரு டிக் வரவேண்டியிருந்தது. சிவப்புப் பென்சிலில் வாத்தியார்கள் போடுவார்களே, அந்தச் சாதாரண டிக்தான். அது வந்திருந்தால் ஒரு மனுஷனை நிம்மதியாக மறந்திருப்பாள். தப்பு என்று கேள்விக்குறி வந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். இரண்டும் இல்லாமல் வெறும் இடமாக விட்டுவிட்டு ஆள் குஜராத்தில் இருக்கும் வாப்பிக்குப் போய்விட்டார். வெறும் இடத்தோடு ஒரு பெண் எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்துவாள்?

அவள் வேலை பார்த்தது ஓசூர் சிப்காட்டில், லாரி செய்கிறவர்களுக்கும் கடிகாரம் செய்கிறவர்களுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில். பென்சாயிக் ஆசிட்டைக் கச்சாவாக வாங்கி, சுத்தம் செய்து, மூட்டை கட்டி அனுப்புவார்கள். வெள்ளை வெளேரென்று மினுமினுக்கும் தூள். ஊறுகாயிலும் மாம்பழக் கூழிலும் துளி போட்டால் மாதக்கணக்கில் கெடாது.

பின்பக்கம் லேப். மெஷின் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அங்கே ஒரு தராசு மட்டும் இருந்தது. மற்றபடி கண், மூக்கு, ஸ்பிரிட் விளக்கு, நாலு வரிசை பாட்டில். பெயர் தெரியாத பொருள் ஒன்று வந்தால் அதை மெதுவாகப் பேச வைக்க வேண்டும். சோடா உப்புக் கரைசலில் நுரைத்தால் அமிலம். எரிக்கும்போது கரும்புகை விட்டால் பென்சீன் குடும்பம். ஃபெர்ரிக் குளோரைடில் ஊதா ஆனால் ஃபீனால் வகை. கடைசியில் தலைமுடி கனத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, எண்ணெயில் சூடாக்கி, எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்த்தால் பெயரே வந்துவிடும்.

லேபில் இரண்டு சட்டங்கள். எந்தப் பொருளையும் நாக்கில் வைக்கக்கூடாது. நோட்டில் எழுதியதை அழிக்கக்கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். தலைமை கெமிஸ்ட் நாராயணப்பன் சாருக்கு இந்த இரண்டாவது சட்டம் வேதவாக்கு.

எண்பத்து நாலில் அங்கே சாந்த் பாஷா வந்து சேர்ந்தார். எம்.எஸ்ஸி. படித்தவர். ஊர் தேன்கனிக்கோட்டை. வாரத்துக்கு ஒரு நாள் லேட்டாக வருவார். கேட்டால் யானை ரோட்டை மறித்து நின்றது, பஸ் நின்றுவிட்டது என்பார். ஆறாவது தடவையிலிருந்து நாராயணப்பன் சார் கேட்பதையே விட்டுவிட்டார். கடிகாரத்தைப் பார்த்து, "ஆனெ பந்தித்தா?" என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை, யானை வந்ததா என்று. பாஷாவும் தலையை ஆட்டிவிட்டு மேஜைக்குப் போய்விடுவார்.

பேச்சு அவ்வளவுதான். நல்ல மனுஷன், கெட்டிக்காரன், ஆனால் வாயைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அதுவும் பெண்கள் எதிரில் சுத்தம். ஃபகருன்னிசாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, பி.எஸ்ஸி. முடித்து அந்த லேபில் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் வந்த இரண்டாவது வாரம், மதியச் சாப்பாடு முடிந்து திரும்பினால் அவள் மேஜையில் ஒரு சின்னக் குப்பி. உள்ளே வெள்ளைத் தூள், மேலே நீலப் பென்சிலில் "1".

"என்ன சார் இது?"

"நீங்கதான் சொல்லணும்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து அது விளையாட்டாகிவிட்டது. அவர் குப்பி வைப்பார், அவள் சோதித்துப் பார்த்து ஒரு கோடு போட்ட நோட்டில் விடையை எழுதி அவர் மேஜையில் வைப்பாள், மறுநாள் காலை நோட்டு திரும்பும்போது சிவப்பு டிக் இருக்கும். ஏழாவது குப்பி ஃபெர்ரிக் குளோரைடில் ஊதாவாகிச் சாலிசிலிக் ஆசிட் ஆனது. பன்னிரண்டாவதைத் திறந்ததும் பாதாம் வாசனை லேப் முழுக்க வந்து, முனிவேல் பாயசம் எங்கே என்று கேட்டார். இருபத்து மூன்றாவது குளுக்கோஸ். சோதனைக் குழாயின் உட்புறம் வெள்ளி பூசிக்கொண்டு கண்ணாடியாகிவிட்டது. அதில் தன் முக்காடு கோணலாகத் தெரிய, அவள் இழுத்துச் சரிசெய்தாள். அதே கண்ணாடியில் பின்னாலிருந்து அவர் சிரிப்பதும் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது, தான் டிக்குக்காகக் காத்திருக்கவில்லை, மறுநாள் காலைக்காகக் காத்திருக்கிறோம் என்று.

முனிவேல் யார் என்று சொல்லவில்லையே. லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர். நாற்பது வயது, மீசைக்காரர். தான் கழுவிய குழாயில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவால் விடுவார். மீசை பத்திரமாக இருந்ததிலிருந்து அவர் கைவேலை எப்படி என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவள் அக்கா சுக்ராவுக்குக் கிருஷ்ணகிரியில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். பேச்சு முடிந்ததும் தட்டில் சர்க்கரை வைத்து, ஃபாத்திஹா ஓதி, ஒருவர் வாயில் ஒருவர் ஒரு சிட்டிகை போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். சர்க்கரை வாயில் விழுந்துவிட்டால் பேச்சு பேச்சுதான், அப்புறம் மாற்றம் கிடையாது. திங்கட்கிழமை அந்தச் சர்க்கரையில் ஆளுக்கொரு பொட்டலம் கட்டி லேபுக்குக் கொண்டுவந்தாள்.

"எங்க வீட்லயும் இதேதாங்க. சக்கரை போட்டாத்தான் முடிஞ்ச மாதிரி" என்றார் பாஷா. அவரைப் பொறுத்தவரை இது ஒரு பிரசங்கம்.

"அடுத்த சக்கரை நம்ம மேடத்துக்குத்தானுங்க" என்று முனிவேல் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டார்கள். பாஷா மட்டும் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இனிப்பு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து நாற்பத்திரண்டாம் குப்பி வந்தது.

பார்த்ததுமே சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. மினுமினுவென்று அதே வெள்ளைத் தூள். காலையிலிருந்து மாலை வரை மூட்டை மூட்டையாக அவள் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பென்சாயிக் ஆசிட். திருநெல்வேலிக்கே அல்வாவா? இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொள்ளும்படி கொடுத்தவர் இன்றைக்கு இதைக் கொடுத்தால் என்ன அர்த்தம், விளையாட்டு சலித்துவிட்டதா?

வழக்கமாகக் குப்பியை வைத்துவிட்டு ஓடிவிடுகிறவர் அன்று கதவருகே நின்றார். "அவசரமில்ல. மெதுவா பாருங்க" என்றார். கிண்டல் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மெதுவாகப் பார்க்கவில்லை. சோடா உப்பில் நுரைத்தது. கரண்டியில் வைத்துச் சுடரில் காட்டியபோது கரும்புகை வந்தது. கரண்டியின் அடியில் கொஞ்சம் கரி தங்கியது. "என்ன அண்ணா கழுவியிருக்கீங்க? பாருங்க, கரி!" என்று முனிவேலுக்கு ஒரு திட்டு விழுந்தது. உருகுநிலை சரியாக 122. குழாயின் அடியில் மட்டும் நாலைந்து துகள் உருகாமல் நின்றன. பத்தே நிமிஷத்தில் எழுதி முடித்தாள்:

"42. பென்சாயிக் ஆசிட். உருகுநிலை 122. உருகாமல் சில துகள் — தூசி."

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. டிக் இல்லை. கேள்விக்குறியும் இல்லை. பாஷா அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. நாற்பத்து மூன்றாம் குப்பி வரவே இல்லை. இருபது நாளில் வாப்பியில் வேலை கிடைத்துவிட்டது என்று கிளம்பினார். கேன்டீனில் டீயும் பஜ்ஜியும் கொடுத்து அனுப்பினார்கள். அவள் பக்கம் வந்து, "நல்லா இருங்க" என்றார். ஏன் டிக் போடவில்லை என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவராகச் சொல்லட்டுமே என்கிற வீம்பு அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். இரண்டு பேருக்கும் வாயில்லாமல் ஒருவர் வாப்பிக்கும் ஒருத்தி மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

மூக்கண்டப்பள்ளியில் அம்மாவும் அவளும்தான். கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணன் மூன்று மாப்பிள்ளைகளைக் கொண்டுவந்தான். மூன்று பேரையும் வேண்டாம் என்றாள். "உனக்கு என்னதாண்டி வேணும்?" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் அழுதாள். ஒரு டிக் வேண்டும் என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? அவர் போய் ஆறு வருஷம் ஆனபோது, பாஷாவுக்கு அங்கேயே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்று நாராயணப்பன் சார் யார் மூலமோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். "சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டு, தராசில் எடை பார்த்துக்கொண்டிருந்ததை நாலு தடவை மறுபடி பார்த்தாள். அதற்கப்புறமும் காத்திருப்பது நிற்கவில்லை. ஆளுக்காக இல்லை. என்ன தப்பு செய்தேன் என்று தெரிந்துகொள்ள ஏங்கினாள்.

குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. வாயில் மெழுகு வைத்து, ஃபெர்ரிக் குளோரைடு பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தாள். மறுபடி சோதித்துப் பார்ப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? பென்சாயிக் ஆசிட் என்று உலகத்துக்கே தெரியும். அதுவும் போக, சோதித்தால் கொஞ்சம் குறையும். அவர் கையால் கொடுத்தது என்று அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு ஆடி மாதக் காலை. ஊறுகாய் கம்பெனி ஒன்றிலிருந்து புகார்க் கடிதமும் கூடவே ஒரு பாலிதீன் பொட்டலமும் வந்தன. உங்கள் சரக்கு சுத்தமில்லை, மூட்டையைத் திருப்பி அனுப்புகிறோம் என்று கடிதம். பொட்டலத்தைக் காவேரி சோதித்தாள். கல்லாவி ஊர்க்காரி, வேலைக்கு வந்து ஆறு மாதம், எதையும் லேசில் விடாத பெண்.

"நூத்தி இருவத்தி ரெண்டுல உருகிடுச்சுக்கா. ஆனா அடியில கொஞ்சம் நிக்குது."

ஃபகருன்னிசா தலை நிமிராமலே சொன்னாள்: "தூசியா இருக்கும். எழுதிக்க."

காவேரி எழுதவில்லை. லென்ஸை எடுத்தாள். "தூசின்னா பழுப்பா, கண்டபடி இருக்கணுமில்லக்கா? இது வெள்ளையா, சதுரம் சதுரமா இருக்குது. பச்சைத் தண்ணியில கொஞ்சம் கலக்கிப் பாக்கட்டுமா? பென்சாயிக் ஆசிட் பச்சைத் தண்ணியில கரையாது. இது கரையுதான்னு பாக்கலாம்."

கலக்கினாள், வடிகட்டினாள், தெளிந்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டாள். திரிந்த பால் மாதிரி வெள்ளையாக விழுந்தது. உப்பு! ஊறுகாய்க்காரர்கள் உப்பு அள்ளிய கரண்டியாலேயே இதையும் அள்ளியிருக்கிறார்கள். குற்றம் அவர்களுடையது. நாராயணப்பன் சார் ஒரு நல்ல காரமான பதில் எழுத உற்சாகமாகக் கிளம்பினார்.

ஃபகருன்னிசா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "தூசியா இருக்கும்" என்று தன் வாயால் சொன்னது அவள் காதிலேயே நின்றுவிட்டது. இந்த வார்த்தையை எங்கேயோ எழுதியிருக்கிறோம். எங்கே என்று தேட வேண்டியதில்லை. அந்த ஒரு பக்கத்தைத்தானே ஒன்பது வருஷமாகத் திறந்து திறந்து பார்க்கிறாள். டிக் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், தான் எழுதியதை ஒரு நாளும் படிக்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். அவள் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து குப்பியை எடுத்தாள். மெழுகை நகத்தால் பெயர்த்தாள். பாதித் தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். பெரும்பகுதி கரையாமல் மிதந்தது. வடிகட்டியில் அது தங்க, அடியில் தெளிந்த தண்ணீர் இறங்கியது.

அதில் கொஞ்சத்தை ஒரு குழாயில் எடுத்து சில்வர் நைட்ரேட் விட்டாள். ஒன்றும் இல்லை. உப்பு இல்லை. இன்னொரு குழாயில் ஆல்ஃபா நாஃப்தால் ரெண்டு சொட்டு விட்டு, குழாயைச் சாய்த்து, கெட்டியான கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெதுவாக, மிக மெதுவாக வழிய விட்டாள். அமிலம் அடியில் போய் நின்றது. இரண்டும் தொடும் இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு வளையம் கட்டியது.

கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும், அந்த வளையம் வந்தால் மாவு அல்லது சர்க்கரை. பச்சைத் தண்ணீரில் மாவு இப்படித் தெளிவாகக் கரையாது. ஃபெலிங் கரைசலோடு சூடு செய்தாள், நீலம் மாறவில்லை. குளுக்கோஸ் இல்லை. ஆசிட் விட்டுக் கொதிக்க வைத்து மறுபடி பார்த்தபோது செங்கல் நிறம் வந்தது. அப்படியானால் வீட்டுச் சர்க்கரை. டீயில் போடுகிற, தட்டில் வைத்து ஓதுகிற சர்க்கரை. அன்றைக்குக் கரண்டியில் தங்கிய கரியும் இது கருகியதுதான்.

நாற்பத்தொரு குப்பியிலும் ஒரு பொருள்தான் இருந்தது. இதில் இரண்டு. பி.எஸ்ஸி.யில் ஒற்றைப் பொருளைத்தான் கண்டுபிடிக்கச் சொல்வார்கள், கலவை எல்லாம் எம்.எஸ்ஸி.க்காரர்கள் பாடு. எளிய பொருளாகக் கொடுத்தால் இவ்வளவு எளிதாக ஏன் கொடுத்தார் என்று யோசிப்பாள், இன்னொன்றைத் தேடுவாள் என்று அவர் நினைத்திருக்கிறார். சட்டைப்பையில் மடித்து வைத்த பொட்டலம் இப்போது அவள் கண்முன்னால் வந்தது. பேச வாயில்லாத மனுஷன் பெண் கேட்டிருக்கிறார். அதுவும் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று பென்சாயிக் ஆசிட்டோடு சேர்த்துக் கேட்டிருக்கிறார். அதை அவள் தூசி என்று எழுதிக் கொடுத்தாள்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருந்தால் கேள்விக்குறி போட்டிருப்பாரே. மறுபடி பாருங்க என்றிருப்பாரே. ஏன் அப்படி வாயடைத்துப் போனார்?

முனிவேல் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். மீசை நரைத்திருந்தது. தொட்டியில் கிடந்த குழாய்களைப் பார்த்துவிட்டு, "சாப்பிடப் போகலீங்களா மேடம்?" என்றார். அப்புறம் குப்பியைப் பார்த்தார். "அட, இது பாஷா சார் குப்பியில்ல? நீலப் பென்சில் இன்னும் அழியல பாருங்க."

"ஞாபகம் இருக்குதா அண்ணா?"

"எப்படிங்க மறக்கும்? அன்னிக்கு நீங்க என்னைத் திட்டினீங்க, கரண்டியில கரின்னு. இருவது வருசத்துல நான் வாங்கின திட்டு அது ஒண்ணுதான். மறுநாள் காத்தால பாஷா சாரும் நோட்ட வெச்சுகிட்டு வந்து நிக்கறாரு. 'முனிவேல், இந்தக் குப்பி நீங்க கழுவினதுதானே, உள்ள தூசி ஏதாச்சும் இருந்திருக்குமா?'ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என் கையில கழுவினதுல தூசியா? இருக்கவே இருக்காதுங்க சார், அல்லா மேல சத்தியமான்னு உங்க சாமி மேலயே அடிச்சுச் சொன்னேன். அப்புறந்தான் சும்மா போனாரு."

அவருக்கு இன்னும் அது பெருமையாகத்தான் இருந்தது.

தூசி இருந்திருக்காது. அப்படியானால் அந்தப் பெண் துகளைப் பார்த்திருக்கிறாள், சர்க்கரை என்று தெரிந்துகொண்டிருக்கிறாள், தெரிந்தே மரியாதையாகத் தூசி என்று எழுதித் தள்ளிவிட்டாள். இப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டிருக்க முடியும். முடியாது என்ற பதிலுக்கு யார் டிக் போடுவார்கள்? யார்தான் கேள்விக்குறி போடுவார்கள்?

முனிவேலிடம் இதைச் சொல்லலாம். சொன்னால் அந்த மனுஷன் இனி நிம்மதியாக ஒரு குழாய் கழுவமாட்டார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமிலப் புகை பட்டால் கண் கலங்குவது லேபில் சகஜம்.

"நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க அண்ணா" என்றாள். "அதுல தூசி இல்ல."

"பின்ன!" என்று மீசையைத் தடவிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

மிச்சமிருந்த தெளிந்த தண்ணீரைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்த் தொட்டியின் மேல் வைத்தாள். தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒரு கோடு கட்டியது. விரல் நுனியால் அதை வழித்தாள். எந்தப் பொருளையும் நாக்கில் வைக்கக்கூடாது என்ற சட்டத்தை இருபத்து மூன்று வயதிலிருந்து ஒரு நாளும் மீறாதவள், மனசுக்குள் பிஸ்மில்லா சொல்லி வாயில் வைத்துக்கொண்டாள். முதலில் தொண்டையை லேசாகக் கீறியது. அப்புறம் இனித்தது. ஒன்பது வருஷமாகியும் அது கெட்டுப்போகவில்லை.

கைப்பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தாள். நாற்பத்திரண்டாம் பக்கம். அடித்துக் கிறுக்கலாம் போல, அந்தத் தாளையே கிழித்துப் போடலாம் போல இருந்தது. ஆனால் லேப் நோட்டில் அப்படிச் செய்யக்கூடாது. "தூசி" என்ற வார்த்தையின் மேல் ஒற்றைக் கோடு போட்டாள். பக்கத்தில் "சர்க்கரை" என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியையும் போட்டாள்.

டிக் போடும் இடத்தை அப்படியே விட்டாள். கோட்டுக்கு அடியில் தூசி இன்னும் படிக்கத் தெரிந்தது.